சிரப்பா, பாதி மாத்திரையா? முதலில் மி.கி. எவ்வளவு என்று பாருங்கள்

ராத்திரி பதினோரு மணிக்குக் குழந்தைக்கு உடம்பு கொதிக்கும், சிரப் தீர்ந்திருக்கும், மாத்திரை டப்பாவில் பெரியவர்கள் போடுகிற பாரசிட்டமால் 650 மட்டும் கிடக்கும். "பாதி உடைச்சுக் கொடு, ஒண்ணும் ஆகாது" என்று யாராவது சொல்வார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். பாரசிட்டமால் ஒரு வேளைக்கு, குழந்தையின் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு 120-இலிருந்து 180 மி.கி. வரை. 650-இல் பாதி 325. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

சரி, சிரப் இருந்தால் கவலை இல்லையா? அங்கேதான் பெரிய குழப்பமே. ஒரே மருந்து மெடிக்கலில் மூன்று பாட்டில்களில் இருக்கும்: டிராப்ஸ் 1 மில்லியில் 100 மி.கி., சாதா சிரப் 5 மில்லியில் 125 (சிலவற்றில் 120), இன்னொன்று 5 மில்லியில் 250. அதே பன்னிரண்டு கிலோ குழந்தைக்கு 150 மி.கி. போக வேண்டுமென்றால் டிராப்ஸில் ஒன்றரை மில்லி, 125 சிரப்பில் 6 மில்லி, 250-இல் 3 மில்லி. போன தடவை டாக்டர் 6 மில்லி சொன்னாரே என்று டிராப்ஸில் 6 மில்லி ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போய்விடும். டிராப்ஸ் என்றால் கைக்குழந்தைக்கான லேசான மருந்து என்றுதான் பலரும் நினைக்கிறார்கள், மூன்றிலும் வீரியம் கூடியது அதுதான். அதனால் டாக்டரிடம் "எத்தனை மில்லி" என்பதோடு நிறுத்தாமல் "எத்தனை மி.கி., எந்த பாட்டில்" என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

அளப்பதற்கு சமையலறை ஸ்பூன் வேண்டவே வேண்டாம், வீட்டுக்கு வீடு அளவு மாறும். ஊசி இல்லாத 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாட்டில் மூடியை விட இதில் அளவு சரியாக வரும், கன்னத்தின் உள்பக்கமாகக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டால் துப்புவதும் குறையும். பாலாடையில் கொடுத்துப் பழகியவர்கள் சிரிஞ்சில் அளந்து அதில் ஊற்றலாம், ஆனால் அடியில் ஒட்டியிருப்பதையும் கொஞ்சம் பால் விட்டு அலசிக் கொடுத்துவிடுங்கள். பாட்டிலை ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்க வேண்டும். அடியில் மருந்து தங்கிவிட்டால் முதல் நாள் வெறும் இனிப்புத் தண்ணீரும் கடைசி நாள் கெட்டி மருந்தும்தான் போகும். பொடியாக வரும் ஆன்டிபயாடிக் சிரப்பில் காய்ச்சி ஆறவைத்த தண்ணீரைக் கோடு வரை ஊற்றி, குலுக்கி, நுரை அடங்கியபின் மட்டம் இறங்கியிருந்தால் மறுபடி கோடு வரை நிரப்புங்கள்.

மாத்திரையே கூடாது என்றும் இல்லை. வயிற்றுப்போக்குக்கு ஓஆர்எஸ்ஸோடு கொடுக்கிற துத்தநாக மாத்திரை, அதாவது ஜிங்க் 20 மி.கி., தண்ணீரில் தானே கரையும். ஆறு மாதத்துக்கு மேல் முழுதாக, இரண்டிலிருந்து ஆறு மாதம் வரை பாதி, அதைத் தாய்ப்பாலிலேயே கரைத்துக் கொடுக்கலாம். 14 நாள். பாதி கொஞ்சம் முன்னே பின்னே உடைந்தாலும் இதில் பயமில்லை. வலிப்பு மருந்து, இதய மருந்து அப்படியல்ல. நடுவில் கோடு இருக்கிற மாத்திரைகூடச் சரிபாதியாக உடையும் என்று சொல்ல முடியாது, கால் பங்கு என்றால் பொடிதான் மிஞ்சும். டாக்டரே பாதி என்று எழுதியிருந்தால் மெடிக்கலில் மாத்திரை வெட்டும் கட்டர் கேளுங்கள், ஒரு பாதியைக் கொடுத்தால் அடுத்த வேளைக்கு அதன் ஜோடிப் பாதியையே கொடுங்கள், அப்போதுதான் கூடுதல் குறைவு ஈடாகும். பெயருக்குப் பின்னால் எஸ்ஆர், இஆர் என்று இருப்பதை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது, மெதுவாக இறங்க வேண்டிய மருந்து ஒரே மூச்சில் இறங்கிவிடும். கேப்ஸ்யூலைத் திறந்து பொடியைக் கண்ணால் பாகம் பிரிப்பதும் வேண்டாம்.

அப்புறம், ஒரு வயதுக்குள் தேனில் குழைத்துக் கொடுக்காதீர்கள். ஒரு பாட்டில் பாலில் கலக்காதீர்கள், பாதியில் குழந்தை தூங்கிவிட்டால் எவ்வளவு மருந்து போனது என்று யாருக்குத் தெரியும்? மூன்று மாதத்துக்குள் காய்ச்சல் என்றால் இந்தக் கணக்கெல்லாம் போடாமல் நேராக டாக்டர்தான்.

கொடுத்த நேரத்தையும் அளவையும் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி பாட்டிலில் ரப்பர் பேண்ட் போட்டு வையுங்கள். அம்மா பத்து மணிக்குக் கொடுத்தது தெரியாமல் பாட்டி பதினொன்றுக்கு மறுபடி கொடுப்பது பல வீட்டில் நடக்கிறது.