கடைமடையில் தொடங்குங்கள்: தாமிரபரணித் தண்ணீரைப் படிக்கும் வழி

தண்ணீர் மேலாண்மை படிக்க வேண்டும் என்று கிளம்புகிற பிள்ளைகள் முதலில் போய் நிற்பது தாமிரபரணியின் பாபநாசம் அணையில்தான். முழு நீர்மட்டம் 143 அடி என்று குறித்துக்கொள்வார்கள், நாலு படம் எடுப்பார்கள், அகத்தியர் அருவியில் குளித்துவிட்டு பஸ் ஏறிவிடுவார்கள். அணையில் நின்றால் தண்ணீர் எவ்வளவு இருக்கிறது என்று தெரியும், அது யார் வயலுக்குப் போய்ச் சேர்கிறது என்று தெரியாது. அதனால் கடைசிக் குளத்தின் கடைசி மடையில் (குளத்திலிருந்து வயலுக்குத் தண்ணீர் விடுகிற வாயில்) தொடங்கி மேலே ஏறிப் போங்கள். நான் பத்து வருடமாக இப்படித்தான் படித்து வருகிறேன், கல்லூரியிலிருந்து வருகிற பிள்ளைகளையும் இப்படித்தான் கூட்டிப் போகிறேன்.

டெல்டா என்றாலே நமக்குத் தஞ்சாவூர்தான் நினைவுக்கு வருகிறது. நெல்லைச் சீமைக்கும் ஒன்று உண்டு, ஸ்ரீவைகுண்டம் பக்கம். ஸ்ரீவைகுண்டம் இப்போது தூத்துக்குடி மாவட்டம் என்றாலும் (1986-ல் பிரித்தார்கள்) ஆறு அதற்கெல்லாம் பிரிந்து போகவில்லை. பொதிகையில் பிறந்து ஏறத்தாழ 125 கிலோமீட்டர் ஓடி, ஏரல், ஆத்தூர் பக்கமாக இறங்கி, புன்னைக்காயலில் கடலில் கலக்கிறது. கழிமுகம் என்றால் என்ன என்று புரிந்துகொள்ள ஒரு நாள் கொற்கைக்குப் போய் நில்லுங்கள். பாண்டியர்களின் முத்துத் துறைமுகம், இன்றைக்குச் சுற்றிலும் வயலும் வாழையும், கடல் பல கிலோமீட்டர் தள்ளிக் கிடக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய மண்தான் கடலை அவ்வளவு தூரம் தள்ளியது. அந்த மண்ணும் மணலும் இப்போது பழையபடி கீழே வருகிறதா, நடுவில் எங்கே நின்றுவிடுகிறது என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

ஆற்றில் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், ஸ்ரீவைகுண்டம் என்று 8 அணைக்கட்டுகள் (ஆற்றுத் தண்ணீரைக் கால்வாய்க்குத் திருப்பிவிடும் தடுப்புகள்), அவற்றிலிருந்து 11 கால்வாய்கள், எல்லாம் சேர்ந்து 86 ஆயிரம் ஏக்கர் பாசனம். கடைசியான ஸ்ரீவைகுண்டம் மட்டும் 1870-களில் பிரிட்டிஷ்காரர்கள் காலத்தில் கட்டி முடித்தது, மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இந்த வரிசையை மனப்பாடம் செய்துவிடுங்கள், ஏனென்றால் தண்ணீர்ச் சண்டை எல்லாம் இந்த வரிசையில்தான் இருக்கிறது. மேலே இருப்பவர் எடுத்தது போக மிச்சம்தான் கீழே வரும்.

எட்டையும் ஒரே மூச்சில் படிக்க நினைக்காதீர்கள். ஒரு கால்வாயை எடுத்துக்கொள்ளுங்கள். டவுனில் இருப்பவர்களுக்குப் பாளையங்கால்வாய் நல்லது, மேலப்பாளையம் வழியாக வரும்போது என்னென்ன அதில் கலக்கிறது என்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம், மூக்காலும் தெரியும். கழிமுகத்தையே பார்க்க வேண்டும் என்றால் ஸ்ரீவைகுண்டத்து வடகாலோ தென்காலோ (வடக்கு, தெற்குக் கால்வாய்கள்) எடுங்கள். வடகாலின் கடைசி கோரம்பள்ளம் குளம், தென்கால் பக்கம் என்றால் கடம்பாகுளம் இருக்கிறது. குளத்துக் கரையில் நடந்து மடை எத்தனை, எது அடைபட்டுக் கிடக்கிறது, மறுகால் (குளம் நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழியும் இடம்) எந்தப் பக்கம், அது அடுத்து எந்தக் குளத்துக்குப் போகிறது என்று ஒரு நோட்டில் படம் வரையுங்கள். கை கோணினாலும் பரவாயில்லை. ஃபோனில் எடுத்த படத்தைவிட வரைந்த படம் மனதில் நிற்கும். அமலைச்செடி (ஆகாயத்தாமரை) மண்டிக் கிடக்கும் இடத்தைத் தனியாகக் குறியுங்கள்.

அப்புறம் மடை திறக்கிறவரைப் பிடியுங்கள். இதுதான் மிக முக்கியம். நான் படிக்கத் தொடங்கிய புதிதில் ஒரு கடைமடையில் காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு, இங்கே தண்ணீர் வருவதில்லை என்று எழுதிக்கொண்டேன். பக்கத்து வாழைத்தோட்டத்தில் மண்வெட்டியோடு நின்ற பெரியவர் கேட்டார், "தம்பி, நீ எப்ப வந்து பாத்த? நம்ம முறை ராத்திரில்லா. விடியக்காலம் மூணு மணிக்கு வா, தண்ணி வாரத காட்டுதேன்." போனேன். டார்ச் வெளிச்சத்தில் முதலில் நுரையும் சருகும் வந்தது, அதன் பின்னால் ஒரு சாண் உயரத்துக்குத் தண்ணீர், சத்தமே இல்லாமல். அவர் காலால் மண்ணைத் தள்ளி வாய்மடையை உடைத்தார். ஆறு மணிக்கு மேலே யாரோ அடைத்துவிட்டார்கள், தண்ணீர் நின்றுவிட்டது. மூன்று மணி நேரம், அவ்வளவுதான் அவருக்கு. இது எந்த அறிக்கையிலும் இருக்காது. அதனால் "தண்ணீர் வருகிறதா அண்ணாச்சி?" என்று கேட்காதீர்கள். "உங்க முறை எத்தனை நாளைக்கு ஒரு தடவை, எத்தனை மணி நேரம், போன வருடம் எத்தனை முறை தப்பியது?" என்று கேளுங்கள். கார், பிசானம் என்ற இரண்டு நெல் சாகுபடிக்கும் தனித்தனியாகக் கேட்டு எழுதுங்கள். கார் தென்மேற்குப் பருவமழையை நம்பியது, பிசானம் வடகிழக்கை நம்பியது. இரண்டு மழையையும் பிடித்துக்கொள்வதால்தான் இதை வற்றாத ஜீவநதி என்கிறோம்.

தண்ணீரை அளக்கக் கருவி வேண்டியதில்லை. நேராக ஓடுகிற வாய்க்காலில் 10 மீட்டர் அளந்து இரண்டு குச்சி நடுங்கள். ஒரு காய்ந்த எலுமிச்சம்பழத்தை நடு ஓட்டத்தில் போட்டு எத்தனை வினாடியில் கடக்கிறது என்று பாருங்கள், ஐந்து தடவை போட்டுச் சராசரி எடுங்கள். 20 வினாடி என்றால் வேகம் வினாடிக்கு அரை மீட்டர். அகலம் 4 மீட்டர், சராசரி ஆழம் 0.6 மீட்டர் என்றால் குறுக்குப் பரப்பு 2.4 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கி, மேற்பரப்புத் தண்ணீர் அடித் தண்ணீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85-ஆல் பெருக்குங்கள். வினாடிக்கு 1.02 கன மீட்டர், அதாவது சுமார் 36 கன அடி. இதையே இரண்டு கிலோமீட்டர் கீழே போய் அதே நாளில் அளந்து, நடுவில் மடைகள் எடுத்ததைக் கழித்தால், மிச்சக் குறைவு மண்ணில் இறங்கியது. இதை நஷ்டம் என்று எழுதி, உடனே கான்கிரீட் போடச் சொல்லிவிடாதீர்கள். அந்த ஊர்க் கிணறுகள் வாய்க்கால் கசிவில்தான் ஊறுகின்றன. எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு: கிணற்று மட்டத்தைப் பார்க்காமல் கால்வாய்க்குத் தளம் போடக் கூடாது.

பேப்பரில் வரும் அணை நிலவரத்தை தினமும் எழுதி வையுங்கள். ஒரு டி.எம்.சி. என்பது 100 கோடி கன அடி. வினாடிக்கு 11,574 கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டி.எம்.சி. ஆகும். இந்த ஒரு கணக்கு கையில் இருந்தால் எந்தச் செய்தியையும் எடை போடலாம்.

கழிமுகத்தில் தண்ணீர் எவ்வளவு என்பதோடு அது உப்பா நல்லதா என்பதும் சேர்ந்தே வரும். பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளப்பது) சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஏரலிலிருந்து புன்னைக்காயல் வரை பத்துக் கிணறு தேர்ந்தெடுத்து மாதம் ஒரு தடவை, அதே தேதியில், ஆழத்தையும் உப்பையும் எழுதுங்கள். குடிக்கிற தண்ணீருக்கு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழி இல்லாவிட்டால் 2,000 வரை என்பது இந்தியத் தர அளவு. கடலோர மண்ணில் நன்னீர் உப்புநீரின் மேல் மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நன்னீர் நின்றால் கீழே சுமார் 40 அடி நன்னீர் நிற்கும் என்பது பாடக் கணக்கு. மோட்டார் போட்டு ஒரு அடி இறக்கினால் உப்பு 40 அடி ஏறி வரத் தயாராக இருக்கிறது என்று அர்த்தம். ஆத்தூர் வெற்றிலைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தக் கொடிக்காலுக்கு வேண்டியது நல்ல தண்ணீர், அதனால் கொடிக்கால்காரர்களிடம் கேட்டால் எந்தக் கிணறு எந்த வருடம் உவர்த்தது என்று தேதியோடு சொல்வார்கள். ஆற்று மணலை அள்ளித் தரை தாழ்ந்தால் கடல்நீர் இன்னும் உள்ளே ஏறும். 2010-ல் கம்யூனிஸ்ட் தலைவர் நல்லகண்ணு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குப் போட்டு, தாமே வாதாடி, தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை வாங்கினார் என்பதைக் கட்டாயம் படியுங்கள். கோர்ட்டுத் தீர்ப்பும் தண்ணீர்ப் பாடம்தான்.

வெள்ளத்தையும் விட்டுவிடாதீர்கள். 2023 டிசம்பர் 17, 18-ல் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை, குளங்கள் உடைந்தன, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்றுபோய் சுமார் 800 பேர் தவித்தார்கள். அணையைத் திறந்ததால் மட்டும் வந்த வெள்ளம் இல்லை அது, கீழ்ப்பகுதியிலேயே விழுந்த மழை. தண்ணீர் போக வேண்டிய மறுகால் ஓடை எங்கே குறுகியது என்று பாருங்கள். கிராம வரைபடத்தையும் ஏ பதிவேட்டையும் (ஊர் நிலங்களின் கணக்கு) கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டுப் பாருங்கள், ஓடைப் புறம்போக்கின் அகலம் அதில் இருக்கும். டேப்பை எடுத்துக்கொண்டு போய் அந்த இடத்தில் அளந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். கூகுள் எர்த்தில் பழைய வருடப் படங்களையும் தள்ளித் தள்ளிப் பார்க்கலாம்.

பட்டமாகப் படிக்க விரும்பினால் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது, அண்ணா பல்கலைக்கழகத்தில் நீர்வள மையம் உண்டு, திருச்சி துவாக்குடியில் பாசன மேலாண்மைப் பயிற்சி நிலையம் உண்டு. எங்கே சேர்ந்தாலும் ஒரு வருட நோட்டோடு போங்கள். விவசாயிகளே நீர்ப்பாசனச் சங்கம் அமைத்து நிர்வகிக்க 2000-ஆம் ஆண்டில் சட்டம் வந்தது, உங்கள் கால்வாயில் சங்கம் கடைசியாக எப்போது கூடியது என்பதையும் அந்த நோட்டில் எழுதுங்கள்.

முதல் நடைக்கு ஐப்பசி பிறந்ததும் கிளம்புங்கள், பிசானத்துக்குத் தண்ணீர் திறக்கிற சமயம். தனியாகப் போக வேண்டாம், மழை நாளில் மதகுப் பக்கம் இறங்கவே வேண்டாம். எடுத்த அளவை எல்லாம் ஒரு பிரதி எழுதி மடைக்காரரிடமும் கொடுத்துவிட்டு வாருங்கள், அடுத்த சங்கக் கூட்டத்தில் அதை எடுத்து நீட்டப் போகிறவர் அவர்தான்.