மராமுரேஷின் தறிகளைத் தேடி: சிறு குழுவுக்கான பயணத் திட்டம், படிப்படியாக

ருமேனியாவின் வடக்கு எல்லையில், உக்ரைனைப் பிரிக்கும் டீசா ஆற்றை ஒட்டி அமைந்துள்ள மராமுரேஷ் பகுதியில், கம்பளியை நூற்று, சாயமிட்டு, நெய்து, ஓடைத் தண்ணீரில் பதப்படுத்தும் வேலைகள் அனைத்தையும் சில மணி நேரப் பயணத் தொலைவுக்குள்ளேயே காண முடியும். ஆனால் கோடை விடுமுறையில் அங்கு செல்பவர்களுக்குத் தறிக்குப் பதிலாகக் கடைதான் வாய்க்கும். அதைத் தவிர்க்கும் வகையில் முதல் பயணத்தை எவ்வாறு திட்டமிடலாம் என்பதை இங்கே விளக்குகிறேன்.

படி 1: எந்தத் துணிக்காகச் செல்கிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

ருமேனியத் துணி என்றதும் பலருக்கு நினைவில் எழுவது, தோளில் பூத்தையல் இட்ட 'இயே' என்னும் வெள்ளைச் சட்டையாகும். அதன் தோள்பகுதியில் அடர்த்தியாக அமையும் பட்டை 'அல்டிட்சா' எனப்படும். அதற்குக் கீழே ஒரே நிறத்தில் ஒரு குறும்பட்டையும், அதற்கும் கீழே கையின் நீளத்துக்கு இறங்கும் 'ரிவுரி', அதாவது 'ஆறுகள்' என்னும் வரிசைகளும் இருக்கும். ருமேனியாவுக்கும் மால்டோவாவுக்கும் பொதுவான மரபாக இந்தக் கலையை யுனெஸ்கோ 2022இல் தன் பட்டியலில் சேர்த்தது. இதைத்தான் கற்க வேண்டும் என்றால் மராமுரேஷை விட்டுவிட்டுக் கிழக்கே உள்ள புக்கோவினாவுக்குச் செல்லுங்கள். மராமுரேஷ் பெண்களின் சட்டை சதுரக் கழுத்தும் அடக்கமான பூவேலையும் கொண்டது. இங்கே காண வேண்டியவை கம்பளிப் போர்வையும், தரைவிரிப்பும், பாவாடைக்கு மேல் முன்னும் பின்னும் கட்டப்படும் 'ஸாதியே' என்னும் பட்டைக்கோட்டுத் துணியும்தான்.

படி 2: பயண நாளை மாதத்திலிருந்து அல்ல, வேலையிலிருந்து தேர்ந்தெடுங்கள்

இந்தப் படியில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. இங்கே நெசவு மரபாகவே குளிர்கால வேலை. வயல் வேலை தொடங்கும் முன், கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டருக்கும் இடைப்பட்ட மாதங்களில் வீட்டுக்குள் தறி பூட்டப்படும். கோடையில் அது பிரிக்கப்பட்டுப் பரணுக்குப் போய்விடும். ஜூலையில் சென்றால் நெசவாளியை வைக்கோல் போர் அருகே கையில் வாரியுடன்தான் சந்திப்பீர்கள். அந்த அறுவடையும் அழகுதான் என்றாலும் நீங்கள் அதற்காக வரவில்லை.

ஆகவே ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலத்தின் பின்பாதியைப் பரிந்துரைக்கிறேன். ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டரின் நாள் மேற்கத்திய ஈஸ்டரிலிருந்து பல ஆண்டுகளில் வேறுபடும் என்பதைக் கவனியுங்கள்: 2027இல் மேற்கத்திய ஈஸ்டர் மார்ச் 28ஆம் நாளிலும், ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் மே 2ஆம் நாளிலும் வருகின்றன. நோன்புக்காலத்தில் நம்மில் சைவ உணவு உண்பவர்களுக்கு ஒரு எதிர்பாராத வசதியும் உண்டு. 'தெ போஸ்ட்' என்று சொன்னால் இறைச்சி, பால், முட்டை எதுவும் சேராத நோன்பு உணவு என்று பொருள். வேறு எப்போதும் நீண்ட விளக்கம் தேவைப்படும் இந்த வேண்டுகோள், இந்த வாரங்களில் ஒரே சொல்லில் முடிந்துவிடும்.

வாரத்துக்குள்ளும் ஒரு கணக்கு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமையும் திருவிழா நாளும் வேலைக்கு விலக்கு. அன்று தறியில் உட்காரச் சொல்லிக் கேட்பது முறையன்று. ஆனால் அந்தத் துணிகள் உடுத்தப்படுவதை மரக்கோயில் வாசலில் அன்றுதான் பார்க்க முடியும். அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் திங்கட்கிழமை மூடியிருக்கும். எனவே புதன்கிழமை சென்று சேர்ந்து திங்கட்கிழமை புறப்படுமாறு திட்டமிடுங்கள்.

படி 3: எட்டுப் பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்

ஐரோப்பிய ஒன்றியத்தில் சாதாரணக் கார் உரிமத்தோடு ஓட்டக்கூடிய வேனில் ஓட்டுநரைத் தவிர எட்டுப் பேர்தான் அமரலாம். அதைவிட முக்கியமாக, கிராமத்து வீட்டில் தறி பூட்டிய அறைக்குள் எட்டுப் பேர் நிற்பதே நெருக்கடிதான்; நால்வராகப் பிரிந்து, ஒரு குழு நூற்கும்போது இன்னொரு குழு தறியருகே இருப்பது நல்லது. ருமேனிய மொழி பேசும் உள்ளூர் வழிகாட்டி ஒருவர் கட்டாயம் தேவை.

படி 4: விசா, விமானம்

உள் எல்லைச் சோதனையின்றிப் பயணிக்கக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் தொகுப்பான ஷெங்கன் பகுதியில் ருமேனியா 2025 ஜனவரி 1 முதல் முழுமையாக இணைந்துவிட்டதால், இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு உடையவர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு அவசியம். க்ளுஜ்-நபோக்கா நகரில் இறங்கினால், அங்கிருந்து மராமுரேஷுக்குச் சாலைவழியே சுமார் நான்கு மணி நேரம். வழியில் 987 மீட்டர் உயரத்திலுள்ள குடுய் கணவாயில் வசந்த காலத் தொடக்கத்தில்கூடப் பனி இருக்கக்கூடும்.

படி 5: நாரிலிருந்து துணி வரை, அதே வரிசையில் பாருங்கள்

1922இல் நிறுவப்பட்ட க்ளுஜ் இனவரைவியல் அருங்காட்சியகத்தில் தொடங்குங்கள். நார் உடைக்கும் கருவி, நூற்புக்கோல், தறி ஆகியவற்றை அங்கே ஒருமுறை பார்த்துவிட்டால், பின்னர் வீடுகளில் அடையாளம் காண்பது எளிது. பிறகு மராமுரேஷில் ப்ரெப் போன்ற ஒரே கிராமத்தில் எல்லா இரவுகளும் தங்குங்கள். தினமும் பெட்டி கட்டும் பயணத்தில் நூல் சுற்றக்கூட நேரம் இருக்காது.

முதல் நாள் கம்பளிக்கு உரியது. இங்குள்ள ட்சுர்கானா இனச் செம்மறியின் மயிர் நீளமாகவும் முரடாகவும் இருக்கும். போர்வையின் கனமும் நீண்ட இழைகளும் அதிலிருந்தே வருகின்றன. கோலின் நுனியில் கம்பளியைக் கட்டி, அக்கோலை இடுப்பில் செருகி, ஒரு கையால் இழையை இழுத்து மறு கையால் கதிரைச் சுழற்றுவார்கள். உங்கள் நூல் முதல் அரை மணி நேரம் அறுந்துகொண்டேதான் இருக்கும்.

அடுத்த நாள் போட்டிசாவுக்குச் செல்லுங்கள். தாவரச் சாயமிட்ட கம்பளித் தரைவிரிப்புகளுக்குப் பெயர்பெற்ற ஊர் அது. கம்பளியைப் படிகாரத்தில் ஊறவைத்த பிறகு வெங்காயத் தோலில் கொதிக்கவைத்தால் மஞ்சளும், அக்ரூட் காயின் மேல்தோலில் கொதிக்கவைத்தால் பழுப்பும் கிடைக்கும். சாயத்துக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள்.

மூன்றாவதாகச் சர்பி கிராமம். மின்சாரமின்றி ஓடைத் தண்ணீரால் இயங்கும் இரண்டு அமைப்புகள் அங்கே உள்ளன. 'பியுவா' என்பது மரச் சுத்தியல்களால் கம்பளித் துணியை இடித்து இறுக்கி, மேலங்கித் துணியாக மாற்றுவது. 'வல்த்துவாரே' இதற்கு நேர்மாறானது: தரையில் பதித்த, பலகைகளுக்கிடையே இடைவெளி விட்ட பெரிய மரத் தொட்டியில் தண்ணீர் உயரத்திலிருந்து பாய்ந்து சுழலும்போது, உள்ளே போட்ட 'செர்கா' போர்வையின் இழைகள் தளர்ந்து உப்புகின்றன. ஊரார் தம் வீட்டுத் துணிகளையும் அதில்தான் அலசுவார்கள். ஒரே தண்ணீர் ஒன்றை இறுக்கி இன்னொன்றைத் தளர்த்துவதை அருகருகே பார்ப்பதற்காகவே இந்தப் பயணம் தகும் என்பேன்.

சபுன்ட்சா கிராமத்தைப் பெரும்பாலோர் கல்லறைத் தோட்டத்துக்காக நாடுகிறார்கள். மரச்சிற்பி ஸ்தான் இயோன் பட்ராஷ் 1935 முதல் செதுக்கிய, இறந்தவரின் வாழ்க்கையைக் கேலியாகச் சொல்லும் நீல மரச்சிலுவைகள் அங்கே உள்ளன. அந்தச் சிலுவைகளிலேயே தறியில் அமர்ந்த பெண்ணையும் நூற்கும் பெண்ணையும் தேடிப் பாருங்கள்.

படி 6: வீட்டுக்குள் நுழையும்போது

வயது முதிர்ந்த பெண்மணியிடம் 'சாரு மூனா' என்று வணங்குங்கள். 'கையை முத்தமிடுகிறேன்' என்பது அதன் பொருள். கற்றுத்தரும் நேரத்துக்கான கட்டணத்தை முன்கூட்டியே பேசி, ருமேனிய நாணயமான லெயு நோட்டாகவே கொடுங்கள். எதையாவது வாங்குவதால் அது ஈடாகிவிட்டதாக எண்ண வேண்டாம். படம் எடுக்கும் முன் கேளுங்கள்.

படி 7: வாங்குவதானால்

துணியைத் திருப்பிப் பாருங்கள். கைத்தையலில் ஊசி எங்கே முடிந்து எங்கே தொடங்கியது என்பது பின்புறத்தில் தெரியும். இயந்திரத் தையலில் அடிநூல் ஒரே சீராக ஓடும். பழைய சட்டைகளில் வளைவான வெட்டே இருக்காது. தறியின் அகலத்துக்கு நெய்த நீள்சதுரத் துண்டுகளையே இணைத்திருப்பார்கள். செர்கா வாங்க எண்ணுபவர்கள் வரும்போதே பெட்டியில் பாதியைக் காலியாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் போர்வை மடிக்க மடிக்கப் பெரிதாகுமே தவிரச் சிறிதாகாது.