திசு வளர்ப்பா, விதையா? மருத்துவ குணத்தை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திசு வளர்ப்பில் (செடியின் சிறு துண்டை ஆய்வகத்தில் சத்துப்பொருள் கொடுத்து வளர்ப்பதில்) மருத்துவ குணம் அதிகமா, விதையில் அதிகமா என்ற கேள்விக்கு ஒரே வரியில் பதில் வந்தால் நம்பாதீர்கள். எந்தச் செடி, எந்த வேதிப்பொருள், அதைச் செடியின் எந்த உறுப்பு தயாரிக்கிறது என்பது தெரியாமல் பதிலே கிடையாது.

திசு வளர்ப்பு என்றாலே எல்லாம் ஒன்று என்று நினைப்பதில்தான் குழப்பம் தொடங்குகிறது. நுண்பெருக்க முறையில், அதாவது சிறு திசுவிலிருந்து முழுக் கன்றாகவே வளர்த்து, மண்ணில் நட்ட கன்று முழுச் செடி. வேர், இலை, விதை எல்லாம் அதற்கு உண்டு. கண்ணாடிக் குடுவையில் உருவமில்லாத கட்டியாக வளரும் காலஸ் வேறு. ஒன்றின் முடிவை மற்றதற்குச் சொல்லக்கூடாது.

அடுத்த தவறுதான் பெரியது: மரபணு ஒன்றுதானே, செடி செய்வதையெல்லாம் காலஸும் செய்யும் என்ற எண்ணம். ஊமத்தையைப் பாருங்கள். அதன் விதையில் ஹயோசயமைன் என்ற மருந்துப் பொருள் இருக்கிறது, ஆனால் அது உருவாகும் இடம் வேர். அங்கிருந்துதான் மேலே ஏறுகிறது. வேராக மாறாத காலஸில் அது மிகக் குறைவாகவே கிடைக்கும். வேரையே தனியாக வளர்த்தால் நன்றாகக் கிடைக்கும். நித்தியகல்யாணியிலும் இப்படித்தான். புற்றுநோய் மருந்தான வின்பிளாஸ்டினுக்குக் கேதரான்தின், விண்டோலின் இரண்டும் வேண்டும். முதலாவதைக் காலஸ் செல்கள் தயாரிக்கும்; இரண்டாவதன் கடைசிக் கட்டங்களுக்கு வெளிச்சம் பட்ட இலையின் செல்கள் தேவை.

அதற்காகக் காலஸைக் குறைத்து மதிப்பிடுவதும் தப்பு. லித்தோஸ்பெர்மம் செடியின் வேரில் உள்ள ஷிகோனின் என்ற சிவப்புச் சாயப் பொருளை, ஜப்பானில் 1980களிலேயே செல் வளர்ப்பின் மூலம் வணிக அளவில் எடுத்தார்கள். வேரில் இருப்பதைவிடப் பல மடங்கு செறிவாகவே கிடைத்தது. ஆனால் அதே செல்களுக்கு வெளிச்சம் பட்டாலோ, அவை வளரும் சத்துக் கலவையான ஊடகத்தில் 2,4-டி என்ற செயற்கை வளர்ச்சி ஊக்கியைச் சேர்த்தாலோ ஷிகோனின் உற்பத்தி நின்றுவிடும். அதனால் வளர்த்த விதத்தைச் சொல்லாத ‘காலஸ் முடிவு’ எதற்கும் உதவாது.

அப்புறம் எடைக் கணக்கு. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள். காலஸில் சுமார் 95 சதவீதம் தண்ணீர், காய்ந்த விதையில் சுமார் 10 சதவீதம். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 1 கிராம் ஈரக் காலஸில் 1 மில்லிகிராம் மருந்துப் பொருளும், 1 கிராம் விதையில் 9 மில்லிகிராமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பார்த்த உடனே விதைதான் ஒன்பது மடங்கு என்று தோன்றும். தண்ணீரைக் கழித்து உலர் எடைக்கு மாற்றினால் காலஸில் கிராமுக்கு 20 மில்லிகிராம், விதையில் 10. முடிவு அப்படியே தலைகீழாகிறது! இரண்டையும் உலர் எடையில்தான் ஒப்பிட வேண்டும்.

சோதனை முறையிலும் கவனம் தேவை. திசு வளர்ப்பில் வழக்கமாகப் பயன்படும் எம்.எஸ். (முராஷிகே-ஸ்கூக்) ஊடகத்தில் லிட்டருக்கு 30 கிராம் சர்க்கரை சேர்ப்பார்கள். வளர்ப்பின்போது அது குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் உடைகிறது. காலஸைச் சரியாகக் கழுவாவிட்டால், ஃபீனால்கள் என்ற தாவர வேதிப்பொருள்களை நிறமாற்றத்தால் அளக்கும் ஃபோலின் சோதனையில் அந்தச் சர்க்கரையும் சேர்ந்து நிறம் காட்டும். இல்லாத ஃபீனால் இருப்பதுபோல் தெரியும். எண்ணெய் விதை என்றால் முதலில் எண்ணெயைப் பிரித்தெடுக்க வேண்டும். விதைக்கு ஒரு கரைப்பான், காலஸுக்கு வேறு கரைப்பான் என்று பயன்படுத்தினால் அளப்பது கரைப்பான்களின் வேறுபாட்டையும் சேர்த்துத்தான்.

ஆக்சிஜனேற்ற எதிர்ப்புத் திறனைச் சோதிக்கப் பயன்படும் டிபிபிஹெச் என்ற வேதிப்பொருள் கரைசலின் ஊதா நிறம் மங்கியதும் மருந்து கிடைத்துவிட்டது என்று எழுதுவதை நிறுத்தினால் நல்லது. அது சோதனைக் குழாயில் நடக்கும் ஒரு வேதிவினை. உடலில் உறிஞ்சப்படுமா, கல்லீரலைத் தாண்டுமா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்லாது.

விதை இயற்கையானது, ஆகவே பாதுகாப்பானது என்று நம்பி அரைத்துக் குடிப்பது இவை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. ஹயோசயமைன் அளந்து கொடுத்தால் மருந்து, அளவு மீறினால் நஞ்சு. ஊமத்தையில் ஒரு செடியின் விதையில் இருக்கும் அளவு இன்னொரு செடியின் விதையில் இருக்காது. எவ்வளவு உள்ளே போகிறது என்பதைக் குடிப்பவரால் அறிய வழியே இல்லை.