புரோட்டீனுக்குள்ள ஒரு ஜிங்க்கை உக்கார வைக்கிறது எப்படி

நமக்குத் தெரிஞ்ச புரோட்டீன்கள்ல ஏறக்குறைய மூணுல ஒண்ணுக்கு ஏதாவது ஒரு மெட்டல் இல்லாம வேலை ஓடாது. எந்த என்சைமுக்கு எந்த மெட்டல்னு புக்ல ஒரு டேபிள் போட்டு முடிச்சிடுவாங்க, நாமளும் அதை மனப்பாடம் பண்ணி எக்ஸாம் எழுதிட்டு மறந்துடுவோம். அதுக்குப் பதிலா ஒரே ஒரு சைட்டை, அதாவது மெட்டல் உக்காந்திருக்கிற ஒரு இடத்தை எடுத்து அக்குவேறா ஆணிவேறா பார்த்துட்டு அதே மாதிரி ஒண்ணை நீங்களே டிசைன் பண்ண உக்காருங்க, மெட்டல் அங்க என்ன பண்ணுதுன்னு அப்பதான் நிஜமா புரியும். பயோகெமிஸ்ட்ரி, பயோடெக் ப்ராஜெக்ட் பண்றவங்களுக்காக எழுதறேன்.

ஆரம்பிக்க கார்பானிக் அன்ஹைட்ரேஸ் டூ-வை விட நல்ல என்சைம் கிடையாது. நம்ம ரத்த சிவப்பணுக்குள்ள இருந்துக்கிட்டு கார்பன் டை ஆக்சைடையும் தண்ணியையும் சேர்த்து பைகார்பனேட் ஆக்குது, ஒரு மாலிக்யூல் செகண்டுக்கு 10 லட்சம் தடவை கிட்ட. பிடிபி-ங்கிற புரோட்டீன் அமைப்புகளோட ஆன்லைன் தொகுப்புல 2சிபிஏ (2CBA)-ன்னு தேடி டவுன்லோட் பண்ணி, அமைப்பை 3டி-ல காட்டற பைமால்லயோ கைமராலயோ ஓப்பன் பண்ணுங்க. 15 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம்னா நானோமீட்டர்ல பத்துல ஒரு பங்கு) ஆழத்துக்கு புனல் மாதிரி ஒரு குழி தெரியும், அதோட அடியில ஜிங்க். அதைப் புடிச்சிருக்கிறது ஹிஸ்டிடின்ங்கிற அமினோ ஆசிட் மூணு, புரோட்டீன் சங்கிலியில 94, 96, 119-வது இடங்கள்ல இருக்கு. நாலாவது இடத்துல தண்ணி. ஹிஸ்டிடின் நைட்ரஜன்லேர்ந்து ஜிங்க்குக்கு தூரம் அளந்து பாருங்க, 2 ஆங்ஸ்ட்ராமுக்குக் கொஞ்சம் மேல வரும். ஹிஸ்டிடின் வளையத்துல ரெண்டு நைட்ரஜன் இருக்கு. இன்னும் கிட்ட போய்ப் பார்த்தா 94-ம் 96-ம் வளையத்தோட வெளி ஓரத்துல இருக்கிற எப்சிலான் நைட்ரஜனால புடிக்குது, 119 மட்டும் சங்கிலிக்குக் கிட்ட இருக்கிற டெல்டா நைட்ரஜனால புடிக்குது. டிசைன் பண்றப்ப இது ரொம்ப முக்கியம், ஏன்னா எந்த நைட்ரஜன் புடிக்கணும்னு முடிவு பண்ணாம ஹிஸ்டிடினை வெச்சீங்கன்னா கம்ப்யூட்டர்ல அழகா இருக்கும், நிஜத்துல வளையம் வேற பக்கம் திரும்பி நிக்கும்.

இதோட நிறுத்திடாதீங்க, நிறைய பேர் இங்கதான் நிறுத்திடறாங்க. அந்த ஹிஸ்டிடின்களைப் பின்னாலேர்ந்து யாரு புடிச்சிருக்காங்கன்னு பாருங்க. 94-க்குப் பின்னால குளூட்டமின் 92, 119-க்குப் பின்னால குளூட்டமேட் 117. ஜிங்க் மேல இருக்கிற தண்ணியை த்ரியோனின் 199 ஒரு ஹைட்ரஜன் பாண்ட் போட்டு சரியான கோணத்துல நிறுத்தி வெச்சிருக்கு, அந்த த்ரியோனினை குளூட்டமேட் 106 புடிச்சிருக்கு. இதுதான் ரெண்டாவது வட்டம், செகண்ட் ஷெல்னு சொல்வாங்க. த்ரியோனின் 199 ஜிங்க்கைத் தொடவே இல்ல, ஆனா அதை அலனினா மாத்தினா வேகம் ஏறக்குறைய 100 மடங்கு குறையுது. என்னைக் கேட்டா மெட்டல் புரோட்டீன் டிசைன்ல பாதிக்கு மேல விஷயம் இந்த ரெண்டாவது வட்டத்துலதான் இருக்கு.

ஜிங்க் பண்ற வேலை என்னன்னா தண்ணியோட புரோட்டானைச் சுலபமா கழண்டு போக வைக்கிறது. சும்மா தண்ணில கரைஞ்ச ஜிங்க் மேல இருக்கிற தண்ணிக்கு பிகேஏ (பாதி தண்ணிலேர்ந்து புரோட்டான் கழண்டு நிக்கிற பிஹெச்) 9 கிட்ட, இந்த என்சைமுக்குள்ள 7 கிட்ட. அதனால சாதாரண பிஹெச்-லயே ஹைட்ராக்சைடு ரெடியா நிக்குது.

இப்ப டிசைன். முதல்ல ஜிங்க் எதுக்குன்னு முடிவு பண்ணுங்க. புரோட்டீன் கலையாம இறுக்கிப் புடிக்க மட்டும்னா நாலு சிஸ்டீன் போதும், தண்ணிக்கு இடமே வேணாம். ரியாக்‌ஷன் நடக்கணும்னா மூணு ஹிஸ்டிடின் வெச்சு நாலாவது இடத்தைக் காலியா விடுங்க. ஹிஸ்டிடினுக்கு சார்ஜ் இல்லாததால ஜிங்க்கோட ப்ளஸ் டூ அப்படியே தண்ணி மேல வேலை செய்யும், மைனஸ் சார்ஜோட புடிக்கிற சிஸ்டீன் போட்டா அந்த சார்ஜ் அடங்கிடும். மிச்சிகன் யுனிவர்சிட்டியில பெக்கரரோ குரூப் 2012-ல இதை அழகா செஞ்சு காட்டினாங்க. மூணு ஹீலிக்ஸ் (ஸ்பிரிங் மாதிரி சுருண்ட சங்கிலி) முறுக்கின சின்ன புரோட்டீன், ஒரு இடத்துல மூணு சிஸ்டீன் வெச்சு இறுக்கிப் புடிக்க மெர்க்குரி, இன்னொரு இடத்துல மூணு ஹிஸ்டிடின் வெச்சு ஜிங்க், ரெண்டும் அதுஅது இடத்துல போய் உக்காந்துச்சு. கார்பன் டை ஆக்சைடை மாத்தற திறமை ஒரிஜினலை விட சுமார் 500 மடங்குதான் கம்மி, ஆரம்பத்துலேர்ந்து புதுசா கட்டின ஒரு புரோட்டீனுக்கு இது பெரிய விஷயம்.

நீங்க செய்யறப்ப ஹீலிக்ஸ்ல ஹிஸ்டிடின், அதுக்கு நாலு தள்ளி இன்னொரு ஹிஸ்டிடின்னு போட்டா ரெண்டும் ஒரே பக்கம் பார்க்கும். பீட்டா ஸ்ட்ராண்ட்னா (நீட்டமா போற சங்கிலி) ரெண்டு தள்ளி, 94-96 மாதிரி. அப்புறம் ஒவ்வொரு ஹிஸ்டிடினுக்கும் பின்னால ஒரு குளூட்டமேட்டோ ஆஸ்பார்டேட்டோ வெக்க இடம் இருக்கான்னு பாருங்க, இல்லைன்னா சைட்டையே நகர்த்துங்க.

லேப்ல மாட்டிக்கிற இடங்கள் வேற. ஹிஸ் டேக் (புரோட்டீனைப் பிரிச்செடுக்க ஓரத்துல ஒட்டற ஹிஸ்டிடின் வரிசை) போட்டு நிக்கல் காலம்ல எடுத்தா டேகும் ஜிங்க்கைப் புடிக்கும், நிக்கலும் கூட வரும், அதனால டேகை வெட்டிடுங்க. ஜிங்க் சேர்க்கறப்ப பாஸ்பேட் பஃபர் வேணாம், வீழ்படிவாயிடும், ஹெப்பஸ் எடுத்துக்கோங்க. மெட்டலை இறுக்கிப் புடிக்கிற இடிடிஏ மிச்சம் இருந்தா உங்க ஜிங்க்கை அது முழுங்கிடும். எந்த மெட்டல் உள்ள இருக்குன்னு மெட்டல்களை அளக்கற ஐசிபி-எம்எஸ் கருவியில கட்டாயம் பாருங்க, ஏன்னா இரும்பு வேண்டிய ரூப்ரெடாக்சினை ஈ.கோலை பாக்டீரியால வளர்த்தா அதுல ஒரு பங்கு ஜிங்க்கை ஏத்திக்கிட்டு வருது, செல்லுக்கு நம்ம டிசைன் தெரியாது. ஜிங்க்குக்கு நிறம் கிடையாது, அதனால கோபால்ட்டை மாத்தி வெச்சுப் பாருங்க, நாலு பக்கமும் சரியா புடிச்சிருந்தா 550-லேர்ந்து 650 நானோமீட்டர்ல நீல நிறத்துக்கான பேண்ட் நல்லாவே ஏறும்.

ஆக்டிவிட்டிக்கு உடைஞ்சா மஞ்ச நிறம் காட்டற பாரா நைட்ரோஃபீனைல் அசிட்டேட் சுலபம், ஆனா தனி ஹிஸ்டிடினே அதைக் கொஞ்சம் உடைக்கும். அதனால ஜிங்க் இல்லாத புரோட்டீன், புரோட்டீன் இல்லாத ஜிங்க், ஒரு ஹிஸ்டிடினை அலனினா மாத்தினது, இந்த மூணு கன்ட்ரோலும் வேணும். அப்புறம் பிஹெச் 6-லேர்ந்து 10 வரைக்கும் வேகத்தை அளந்து ஒரு கிராஃப் போடுங்க. ஏத்தத்தோட நடுப்பகுதி 7 கிட்ட வந்தா ஹைட்ராக்சைடு ரெடியா இருக்குன்னு அர்த்தம், 9 கிட்ட போச்சுன்னா ஜிங்க் உக்காந்திருக்கு, ஆனா சுத்தி இருக்கிறது இன்னும் உதவல, அப்ப ஹிஸ்டிடின்ல கை வெக்காம பக்கத்துல ஒரு த்ரியோனின் வெச்சு மறுபடி பாருங்க.