பச்சை விளக்கை நம்பலாமா? எல்ஏசிபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரின் உபி வட்டாரத்தில் ஓர் அலுவலகம். இரண்டு நெட்வொர்க் சுவிட்சுகளை நான்கு கேபிளால் இணைத்தேன். நான்கையும் ஒரே இணைப்பாகக் கட்ட, சுவிட்சுகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் முறைதான் எல்ஏசிபி (LACP). நான்கு விளக்கும் பச்சையாக மின்ன, கடைசி எம்ஆர்டி ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டேன். காலை 8 மணிக்கு போன்: பாதிப் பேருக்கு சர்வர் கிடைக்கிறது, மீதிப் பேருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு பக்கம் 'ஆக்டிவ்', எதிர்ப்பக்கம் 'ஆன்' என்று போட்டிருந்தேன். கேட்க இரண்டும் ஒன்றுதான். ஆனால் 'ஆன்' எல்ஏசிபி பேசவே பேசாது. எதிரில் யார் என்று கேட்காமலே போர்ட்டுகளைச் சேர்த்துக்கொள்ளும். ஆக்டிவ் பக்கமோ பதில் வராததால் போர்ட்டுகளைத் தனித்தனியாக விட்டுவிடும், அல்லது முடக்கிவிடும். இரு பக்கமும் 'பேசிவ்' என்றால் "நீங்க முதல்ல சொல்லுங்க" என்று இருவரும் காத்திருக்கும் கதைதான். இப்போதெல்லாம் நான் யோசிப்பதே இல்லை, இரண்டு பக்கமும் ஆக்டிவ்.

பச்சை விளக்குக்கு அர்த்தம், கேபிளில் சிக்னல் வருகிறது, அவ்வளவுதான். சிஸ்கோ என்றால் 'ஷோ ஈதர்சேனல் சம்மரி' (show etherchannel summary) என்ற கட்டளையை அடித்து, ஒவ்வொரு போர்ட்டுக்கும் பக்கத்தில் கட்டில் சேர்ந்துவிட்டதைக் காட்டும் 'பி' (P) இருக்கிறதா என்று பாருங்கள். 'ஐ' (I) இருந்தால் அந்த போர்ட் தனியாக நிற்கிறது.

விலான் (ஒரே சுவிட்சில் பிரித்து வைக்கும் தனித்தனி நெட்வொர்க்) மாற்றங்களைப் போர்ட்சேனலில், அதாவது சேர்த்துக் கட்டிய மொத்த இணைப்பில் செய்யுங்கள், உள்ளே இருக்கும் போர்ட்டில் கை வைக்காதீர்கள். 1 ஜிகா போர்ட்டும் 10 ஜிகா போர்ட்டும் ஒரே கட்டுக்குள் சேர்ந்து ஓடாது.

அப்புறம், வாடிக்கையாளர் கட்டாயம் கேட்பது: "நாலு கேபிள் போட்டும் ஃபைல் காப்பி ஏன் 1 ஜிகாவைத் தாண்டல?" பிஐஇ விரைவுச்சாலையில் எத்தனை தடம் இருந்தாலும் ஒரு லாரி ஒரு தடத்தில்தானே போகும்! எந்தக் கேபிள் என்பதை முகவரிகளை வைத்துக் கணக்கிட்டுத்தான் சுவிட்ச் முடிவு செய்கிறது. சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 போன்ற பழைய சுவிட்சுகளில் அது இயல்பாக அனுப்பும் கருவியின் மேக் (MAC, வன்பொருள்) முகவரி மட்டும். ரவுட்டரிலிருந்து வரும் எல்லாவற்றுக்கும் அந்த மேக் ஒன்றே என்பதால், ஒரு கேபிள் திணறும், மூன்று தூங்கும். இரு முனை ஐபியையும் பார்க்கும்படி மாற்றினால் சுமை ஓரளவு பிரியும்.

நடுவில் மீடியா கன்வெர்ட்டர் (ஒரு வகைக் கேபிளை இன்னொரு வகையுடன் இணைக்கும் பெட்டி) இருந்தால் எல்ஏசிபி டைமரையும் கவனியுங்கள். அந்தப் பக்கம் கேபிள் போனாலும் இந்தப் பக்கம் விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். மெதுவான டைமரில் அதைக் கண்டுபிடிக்க 90 விநாடி வரை ஆகும், வேகமானதில் 3 விநாடி.

இப்போது பிங்கை (எதிர்முனை பதில் தருகிறதா என்று பார்க்கும் சோதனை) ஓடவிட்டு, கேபிள்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்த பிறகே கிளம்புகிறேன். எம்ஆர்டி போய்விட்டால் டாக்சிதான். காசைக் கம்பெனியிடம் கேட்டுக்கொள்ளலாம்.