உங்கள் குரலையே பாட வைக்கலாம்: வீட்டில் பதிவு செய்யும் முறை

உட்டாவ் என்ற ஜப்பானிய மென்பொருள் 2008இல் வந்தது. நம் குரலில் ஒவ்வொரு அசையாகப் பதிந்து கொடுத்தால், அவற்றைக் கோத்து நாம் போடும் மெட்டில் பாடும். அதே பதிவுகளை இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன் உட்டாவிலும் பயன்படுத்தலாம். காட்பாடியில் எங்கள் வீட்டு அறையில் நான் செய்த முறையைச் சொல்கிறேன்.

1. அறை

எங்களுக்கு ரயில் ஹாரன்தான் பெரிய சிக்கல். விடியற்காலை நான்கு மணிக்கு உட்கார்ந்தேன். ஃபேனை நிறுத்தியாக வேண்டும். மே மாத வேலூர் வெயிலில் பகலில் அது நடக்காது. துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்தபடி பாடுங்கள். எதிரொலி அடங்கிவிடும்.

2. ஒலிப் பட்டியல்

இதில்தான் அதிக நேரம் செலவிட வேண்டும். அரிச்சுவடியை வரிசையாகப் பதிந்தால் போதும் என்று நினைக்காதீர்கள். 'கண்', 'தங்கம்', 'அகம்' மூன்றையும் சொல்லிப் பாருங்கள். எழுத்து ஒன்று, ஒலி மூன்று. 'பச்சை', 'பஞ்சு', 'பசி' என்பதில் சகரமும் அப்படித்தான். ட, த, ப ஆகியவற்றுக்கும் வல்லொலி, மெல்லொலி இரண்டும் வேண்டும். எழுத்தைப் பார்க்காமல் காதால் கேட்டுப் பட்டியல் போடுங்கள்.

குறிலுக்குத் தனிப் பதிவு வேண்டாம், நெடிலைச் சுருக்கிக்கொள்ளலாம். ஐ, ஔ இரண்டையும் விட்டுவிடுங்கள். ஆ பதிவையும் ஈ பதிவையும் சுருக்கி அடுத்தடுத்து வைத்தால் ஐ வந்துவிடும். ம், ன், ல், ள், ர் போன்ற ஒற்றுகளைத் தனியாகப் பதியுங்கள்.

ழகரத்துக்குக் கூடுதல் கவனம் தேவை. எங்கள் பக்கம் பேச்சில் பழம் 'பயம்' ஆகிவிடும். எங்கள் ஆயா (பாட்டி) அப்படித்தான் சொல்வார். நாக்கை மேலே வளைத்து, அண்ணத்தைத் தொடாமல் 'ழா' என்று நீட்டிப் பழகிய பிறகு பதியுங்கள். ஆயாவின் உச்சரிப்பில் பாட்டு வேண்டுமென்றால் 'யா' பதிவு இருக்கிறதே, அதுவும் நம் தமிழ்தான்.

3. பதிவு

ஆடாசிட்டி என்ற ஒலிப்பதிவு மென்பொருளில் மோனோ, 44,100 ஹெர்ட்ஸ், 16 பிட் என்று வைத்துக்கொள்ளுங்கள். சுருதிப்பெட்டி செயலியில் உங்களுக்கு வசதியான சுருதியை ஹெட்ஃபோனில் கேட்டபடி, ஒவ்வொரு ஒலியையும் இரண்டு மூன்று விநாடி நீட்டுங்கள். கர்நாடக சங்கீதம் கற்றவர்களுக்குக் கை தானாகத் தாளம் போடும், குரல் தானாக அசையும். இங்கே கமகம் கூடவே கூடாது. வளைவுகளையெல்லாம் பிறகு மென்பொருளில் வரைந்துகொள்ளலாம். 'பா' சொல்லும்போது காற்று நேராக மைக்கில் அடிக்காமல் சற்றுப் பக்கவாட்டில் நில்லுங்கள்.

4. குறியிடுதல்

ஒவ்வொரு ஒலியையும் தனி வேவ் கோப்பாகச் சேமியுங்கள். பெயரை ரோமன் எழுத்தில் வைத்தால் குழப்பம் வராது. அப்புறம் உட்டாவில் ஒவ்வொரு கோப்பிலும் மெய் முடிந்து உயிர் தொடங்கும் இடத்தைக் குறிக்க வேண்டும். தாளம் விழுவது அந்த இடத்தில்தான். 'பசி'யில் வரும் சகரத்தில் முதலில் 'ஸ்ஸ்' என்று காற்று நீளும். குறியைக் கோப்பின் தொடக்கத்திலேயே வைத்துவிட்டால் பாட்டு தாளத்துக்குப் பின்னால் இழுபடும்.

சரி, முழுப் பட்டியலும் முடியும்வரை காத்திருக்க வேண்டாம். ஆ, ரா, ரோ, ரீ என்று நான்கே பதிவுகளை முதலில் போடுங்கள். 'ஆராரோ ஆரிரரோ' பாட அவை போதும்.