விண்டோஸ் உரிமத்தைப் புதிய கணினிக்கு மாற்றுவது

முதலில் உரிமம் எந்த வகை என்று பாருங்கள். பழைய கணினியின் கமாண்ட் பிராம்ப்டில் (கட்டளைகளைத் தட்டும் சாளரம்) 'எஸ்எல்எம்ஜிஆர்', ஓர் இடைவெளி, சாய்கோடு, 'டிஎல்ஐ' என்று ஆங்கில எழுத்தில் தட்டினால் சிறு பெட்டியில் வரும். 'ரீடெய்ல்', அதாவது தனியாக வாங்கிய உரிமம், என்றிருந்தால் மாற்றலாம். 'ஓஇஎம்', அதாவது கணினியோடு சேர்ந்தே வந்த உரிமம், என்றால் அது பழைய மதர்போர்டோடு பிணைந்தது. அதற்கு மேல் மெனக்கெட வேண்டாம்.

உரிமத்தோடு வந்த 25 எழுத்துச் சாவியை ('ப்ராடக்ட் கீ')ப் பத்திரமாகக் குறித்துக்கொண்ட பிறகே மற்றது. பழைய கணினியில் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, அதே கட்டளையில் 'டிஎல்ஐ'க்குப் பதில் 'யுபிகே' கொடுங்கள், சாவி நீங்கிவிடும். ஒரு ரீடெய்ல் உரிமம் ஒரு நேரத்தில் ஒரு கணினிக்குத்தான்.

புதியதில் செட்டிங்ஸ், சிஸ்டம், ஆக்டிவேஷன் போய் 'சேஞ்ச் ப்ராடக்ட் கீ'யில் சாவியை இடுங்கள். பலர் தடுக்கி விழுவது பதிப்பில்தான்: ஹோம் சாவி ப்ரோவை இயக்காது. பதிப்பு சரியாக இருந்தும் ஏற்காவிட்டால், ரசீதோடு மைக்ரோசாஃப்ட் உதவியை அணுகுங்கள்.